தபாலில் சென்ற வம்சாவளி

தன் குலத்தின் வரலாற்றை அறிய விழைந்த மனிதன் நெடுங்காலமாக நாடிச் சென்றது பிறருடைய நினைவையும் பிறர் எழுதிவைத்த ஏட்டையுமே ஆகும். ஐரோப்பாவில் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், அமெரிக்காவில் குடிக்கணக்கும் கப்பற் பயணிகளின் பட்டியல்களும், ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் குலப்பாடகர்களின் நினைவாற்றலும் இந்தப் பணியைச் செய்து வந்தன. இவற்றையெல்லாம் விடுத்து, தன் வாயில் ஊறும் எச்சிலையே சாட்சியாக வைத்து, அதை ஒரு சிறு குழாயில் அடைத்துத் தபாலில் அனுப்பி, தன் முன்னோர் எந்நிலத்தினர் என்றும் தன் உறவினர் யாவர் என்றும் சில வாரங்களில் விடை பெறும் வழக்கம் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றி, 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே 2 கோடியே 60 லட்சம் பேரைத் தன்பால் ஈர்த்துவிட்டது என்று மதிப்பிட்டனர். இவ்வழக்கம் எங்கே முளைத்தது, யாருடைய தேவையால் வளர்ந்தது, எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து இன்றைய நிலையை அடைந்தது என்பவற்றை வரிசையாக நோக்கினால், தொடக்கம் முதலே ஓர் உண்மை இடையறாமல் புலப்படுகிறது. வினாவை எழுப்புகிறவர் ஒருவரே; விடையோ அவருடைய பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் பங்காளிகளுக்கும் இனிப் பிறக்கப்போகும் சந்ததிக்கும் உரியது. இவ்வுண்மையை வணிகமும் சட்டமும் போதிய அளவு மதித்து நடக்கவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலையாகும்.

உடலில் உள்ள ஒரு குணத்தைக் கொண்டு மக்கட் கூட்டங்களின் உறவை ஆராயலாம் என்னும் முயற்சி பெரிய அளவில் நிகழ்ந்த முதல் இடம் ஒரு போர்முனை. 1900-ஆம் ஆண்டை ஒட்டி வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்தார். அவை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒழுங்கான விதிப்படி இறங்குகின்றன என்பதை 1910-ல் எமில் வான் டுங்கர்ன் என்பவரும் லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட் என்பவரும் நிறுவினர். முதல் உலகப் போர் மூண்ட பின்னர் செர்பியப் படைக்கு வைத்தியராகச் சென்ற ஹிர்ஸ்ஃபெல்ட், தாமும் வைத்தியரான மனைவி ஹன்னாவுடன் கிரேக்க நாட்டின் சலோனிகா நகரில் தங்க நேர்ந்தது. அங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் செனகல் வீரரும் இந்தியச் சிப்பாய்களும் ஒரே முகாமில் கூடியிருந்ததைக் கண்ட அத்தம்பதிகள், பதினாறு கூட்டத்தாரிடையே சுமார் 8,000 பேரின் இரத்தத்தைச் சோதித்து, தாம் கண்டதை 1919-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். ஆங்கிலேயரிடையே 'ஏ' வகையும் இந்தியரிடையே 'பி' வகையும் மிகுந்திருந்தன. ஆயினும் எவ்வகையும் எந்தவொரு கூட்டத்தாருக்கும் தனியுரிமையாக இருக்கவில்லை, வேற்றுமையெல்லாம் விகிதத்தில் மட்டுமே இருந்தது. இந்நுட்பத்தை மறந்தவர்கள் பிற்காலத்தில் ஜெர்மனியில் இரத்த வகையை இனச் செருக்குக்குச் சான்றாக்க முயன்றனர். யூத வம்சத்தில் தோன்றிய ஹிர்ஸ்ஃபெல்டோ வார்சா நகரில் யூதர்களை மதில் கட்டி அடைத்த பகுதிக்குள் தள்ளப்பட்டு, அங்கிருந்து தப்பி மறைந்து வாழ்ந்து உயிர் பிழைக்க வேண்டியதாயிற்று. விகிதத்தை அடையாளமாகப் பிறழ உணர்வதன் விபரீதம் இத்துறையின் பிறப்போடேயே பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இரத்த வகை ஒருவரை ஒரு பெருங்கூட்டத்தில் சேர்க்குமேயன்றி அவரைத் தனியே அடையாளம் காட்டாது. அவ்வாற்றலை அளித்தது 1984 செப்டம்பர் 10-ஆம் நாள் காலையில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த டி.என்.ஏ. ரேகை முறையாகும். அம்முறை முதன்முதலில் பயன்பட்டது குற்றவாளியைப் பிடிப்பதற்கன்று. ஒரு தாயையும் மகனையும் சேர்ப்பதற்கே என்பது கருதத் தக்கது. கானா நாட்டிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவனை, அவன் அங்கே வாழும் தாயின் மகனல்லன் என்று ஐயுற்று அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். தந்தையின் மாதிரி கிடைக்காத நிலையில், ஐயத்துக்கு இடமில்லாத மற்ற மூன்று பிள்ளைகளின் இரத்தத்தையும் தாயின் இரத்தத்தையும் கொண்டு தந்தைவழிக் கூறுகளை ஊகித்தறிந்து, அவன் அவர்களின் உடன்பிறந்தானே என்று ஜெஃப்ரிஸ் 1985-ல் மெய்ப்பித்தார். அச்சிறுவனின் வினாவுக்கு அவனுடைய உடல் மட்டும் விடையளித்துவிடவில்லை. உடன்பிறந்தாரின் உடலும் சேர்ந்தே விடையளித்தது.

இரத்தம் எடுக்க ஊசியும் வைத்தியரும் குளிர்பெட்டியும் வேண்டும். ஆகவே இரத்தத்தை நம்பியிருந்தவரை இவ்வித்தை வீட்டுக்குள் நுழைய வழியில்லை. மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.வையும் கோடிக்கணக்கான நகல்களாகப் பெருக்கும் முறையைக் காரி மல்லிஸ் 1983-ல் சிந்தித்து வகுத்ததும், அது ஆய்வுக்கூடங்களில் எங்கும் பரவியதும், கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தூரிகையால் தேய்த்தெடுத்த உயிரணுக்களே போதுமென்று ஆயிற்று. அத்தகைய தூரிகை ஓர் உறைக்குள் அடங்கும். அவ்வுறை தபாற்பெட்டிக்குள் அடங்கும். அன்றியும், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒய் குரோமோசோமும், தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியாவும் தலைமுறை தோறும் பெரும்பாலும் மாறாமல் வருவதால், பங்காளி வழியையும் தாய்வழியையும் நெடுந்தூரம் பின்னோக்கித் தொடர அவை இரண்டும் உகந்த கருவிகளாயின.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் மரபணு விஞ்ஞானியாகிய பிரையன் சைக்ஸ், தம் குலப்பெயரையே தாங்கிய ஆடவர் யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய பகுதிகளில் மிகுந்திருப்பதைக் கண்டு, அவர்களிற் பலருக்கும் கடிதம் எழுதி மாதிரியை வேண்டினார். அவ்வாறு கிடைத்தவற்றுள் 48 பேரின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே வகையைச் சேர்ந்திருந்தனர். எனவே அக்குலப்பெயர் ஒரு மூலபுருஷரிடமிருந்தே கிளைத்திருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். எஞ்சியோரின் வேறுபாட்டுக்கு, பல நூற்றாண்டுகளில் தலைமுறைக்குச் சுமார் 1.3 சதவீதம் என்ற அளவில் தத்தும் மணவாழ்க்கைக்குப் புறம்பான பிறப்பும் நிகழ்ந்திருப்பதே போதிய காரணம் என்றும் கணக்கிட்டார். ஒரு குலப்பெயரின் பழமையை அறியப் புகுந்த ஆராய்ச்சி, பெயர் தெரியாத எத்தனையோ மூதாட்டியரின் அந்தரங்கத்தையும் தொட்டே சென்றது. அதே ஆண்டில் சைக்ஸ் தாய்வழியை அறிய விரும்புவோருக்கென்று 'ஆக்ஸ்ஃபோர்டு ஆன்செஸ்டர்ஸ்' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

அமெரிக்க மக்களின் உள்ளத்தில் இவ்வித்தையைப் பதித்தது மற்றொரு சோதனை. அந்நாட்டின் மூன்றாம் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், மான்டிசெல்லோ என்னும் தம் பண்ணையில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணின் மக்களுக்குத் தந்தையாவார் என்னும் பேச்சு 1802-ல் பத்திரிகையில் வெளியாயிற்று. ஹெமிங்ஸ் குடும்பத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். வரலாற்றாசிரியரிற் பெரும்பாலோர் அவர்கள் சொல்லை ஏற்கவில்லை. ஜெஃபர்சனுக்கு ஆண்வழிச் சந்ததி நிலைக்காதபடியால், யூஜின் ஃபாஸ்டர் என்னும் ஓய்வுபெற்ற வைத்தியர், ஜெஃபர்சனின் பெரியப்பா வழியில் வந்த ஐந்து ஆடவரின் இரத்தத்தையும், சாலியின் இளைய மகன் எஸ்டன் ஹெமிங்ஸின் ஆண்வழிச் சந்ததியார் ஒருவரின் இரத்தத்தையும் திரட்டி ஒப்பிடச் செய்தார். அவை ஒத்திருந்தன என்று 1998 நவம்பரில் 'நேச்சர்' பத்திரிகை அறிவித்தது. உண்மைத் தந்தையர் என்று ஜெஃபர்சன் குடும்பத்தாரால் சுட்டப்பட்டு வந்த மருமக்களின் வழியோ ஒத்திருக்கவில்லை. டி.என்.ஏ. ஜெஃபர்சன் குலத்தைக் காட்டுமேயன்றி ஆளைச் சுட்டாது. ஆயினும் ஏட்டுச் சான்றுகளையும் சேர்த்து ஆராய்ந்த மான்டிசெல்லோ அறக்கட்டளை, தந்தை தாமஸ் ஜெஃபர்சனே என்பதற்கு மிகுந்த சாத்தியம் உண்டு என்று 2000 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அதே சமயத்தில், தாங்களும் ஜெஃபர்சனின் வழியினரே என்று அதே உறுதியுடன் நம்பி வந்த உட்ஸன் குடும்பத்தாருக்கு அச்சோதனை இல்லையென்று விடை கூறியது. அடிமைகளின் வாய்மொழியை ஏற்க மறுத்த ஏட்டுக் கல்வி தலைவணங்க நேர்ந்தது மகத்தான செய்தி. ஒருசிலர் தந்த இரத்தத்தால் ஒரு பெருங்குடும்பம் பெருமை பெற்றதும் மற்றொரு பெருங்குடும்பம் வாட்டமுற்றதும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டிய செய்தி.

இவற்றைப் படித்தவர்களுள் டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் வசித்த பென்னட் கிரீன்ஸ்பன் என்னும் வியாபாரி ஒருவர். இளமை முதல் குடும்ப வரலாற்றில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், தம் தாய்வழிப் பாட்டனாரின் குலப்பெயரையே தாங்கி அர்ஜென்டினாவில் வாழ்ந்த ஒரு குடும்பம் தம் உறவினர்தாமா என்பதைக் காகிதத்தில் அறிய முடியாமல், அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ஒய் குரோமோசோம் ஆராய்ச்சியாளரான மைக்கேல் ஹாமரை அணுகினார். அவ்வணுகலின் பயனாக 2000-ல் 'ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ.' என்னும் ஸ்தாபனம் தோன்றி, கன்னத் தூரிகையைத் தபாலில் அனுப்பி, தபாலிலேயே திரும்பப் பெற்று, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் கொடுக்கலாயிற்று. இவ்வணிகத்தை வேண்டி நின்றவர்கள் வைத்தியர்களோ விஞ்ஞானிகளோ அல்லர்; கல்லறைகளையும் பதிவேடுகளையும் புரட்டிப் புரட்டி, ஏடு முடியும் இடத்தில் நின்றுவிட்ட இல்லறத்தாரே ஆவர்.

வம்சாவளியில் இத்தகைய வேட்கை அமெரிக்காவில் மிகுந்திருந்ததற்குக் காரணங்கள் உண்டு. கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பாட்டனாரின் ஊரையும் மொழியையும் இழந்தவர்கள். யூட்டா மாநிலத்தை நிலைக்களனாகக் கொண்ட மார்மன் திருச்சபையாரோ, இறந்துபோன முன்னோருக்கும் ஞானஸ்நானம் முதலிய சடங்குகளைச் செய்தல் கடமை என்னும் சமய நம்பிக்கையால், 1894-ல் ஒரு வம்சாவளிச் சங்கத்தை நிறுவி, 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் எடுத்துச் சேர்த்து வந்தனர். அம்மாநிலத்துச் செல்வர் ஜேம்ஸ் லெவாய் சோரன்சன், உலக மக்கள் யாவரும் உறவினரே என்பதை நாட்ட விரும்பி அமைத்த அறக்கட்டளைக்கு, வம்சாவளி மரத்தோடு தம் மாதிரியையும் சேர்த்து, கைம்மாறு கருதாமல் ஒரு லட்சம் பேர் வழங்கினர். இந்தக் களஞ்சியத்தைப் பற்றிப் பின்னரும் பேச நேரிடும்.

எல்லாரினும் ஏட்டால் வஞ்சிக்கப்பட்டவர்கள் ஆப்பிரிக்க வம்சத்து அமெரிக்கர்களே. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமைகள் தனிப்பட்டியலில் இடம்பெற்றனர்; அப்பட்டியலில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியன குறிக்கப்பட்டனவேயன்றி அடிமையின் பெயர் எழுதப்படவில்லை. விடுதலை பெற்றோர் யாவரையும் பெயரால் குறித்த முதற் குடிக்கணக்கு 1870-ஆம் ஆண்டினது. ஆகவே தம் குடும்ப மரத்தை வரையத் தொடங்கிய பெரும்பாலான கறுப்பினத்தவரும் 1870-ல் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நூல் 1976-ல் வெளியாகி, மறு ஆண்டில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அவர்களுள் எழுந்த தாகத்துக்குக் கருவி இல்லை. 2003-ல் மரபணு விஞ்ஞானி ரிக் கிட்டில்ஸும் ஜீனா பெய்ஜ் என்னும் அம்மையாரும் வாஷிங்டனில் தொடங்கிய 'ஆஃப்ரிக்கன் ஆன்செஸ்ட்ரி', ஆப்பிரிக்கக் கூட்டத்தாரின் மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தாய்வழி அல்லது தந்தைவழியின் மூலத்தைக் கூற முன்வந்தது. பத்துத் தலைமுறைக்கு முன்னே ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உள. தாய்வழிச் சோதனை அவற்றுள் ஒன்றையே காட்டும். ஆயினும், ஒரு தலைமுறையின் பெயர்கூடக் கிட்டாதவருக்கு அவ்வொன்றும் அருமையாகத்தான் இருந்தது. இச்சோதனை தன் முழு நியாயத்தை அடைந்த இடம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

2005 ஏப்ரலில் நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கம், ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் துணையோடு ஸ்பென்சர் வெல்ஸ் தலைமையில் தொடங்கிய 'ஜீனோகிராஃபிக்' திட்டம், மனித குலத்தின் ஆதிப் பயணத்தை வரைவதை நோக்கமாகக் கொண்டு, 99 டாலர் 95 காசுக்குப் பொதுமக்களுக்குச் சோதனைப் பெட்டியை விற்றது. இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கும் நேரான பங்கு உண்டு. அதன் இந்திய மையமாக விளங்கியது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அதை நடத்தியவர் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாக ஆஸ்திரேலியா வரை சென்ற மிகப் பழைய மக்களோடு தொடர்புடைய எம்130 என்னும் ஒய் குரோமோசோம் அடையாளம் மதுரை வட்டாரத்துக் கிராமத்தவரிடையே காணப்பட்டதை, இத்திட்டத்துக்கு முன்னரே வெல்ஸ் தம் நூலிலும் ஆவணப்படத்திலும் உலகறியச் செய்திருந்தார். திட்டத்தைப் பூர்வகுடிச் சங்கங்கள் சில எதிர்த்ததற்கும் காரணம் இருந்தது. அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்கள், தம்மிடையே பரவிய நீரிழிவுக்குக் காரணம் அறியும்பொருட்டு 1990 முதல் தந்த இரத்தம், தாங்கள் அறியாமலே மனநோய் பற்றியும் குடிப்பெயர்ச்சி பற்றியும் ஆராயப் பயன்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். அப்பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என்பது அவர்களுடைய சமயம். வேறிடத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களது இரத்தத்தைக் கொண்டே எழுதப்பட்டதை அவர்கள் பொறுக்கவில்லை. 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு இரத்தமும் அவர்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. தந்தவர் தனியொருவராயினும் தரப்பட்டது கூட்டத்தாருடையது என்பதை இவ்வழக்கு தெளிவாக்கிற்று.

2007-ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வழக்கம் புதியதொரு கட்டத்தை அடைந்தது. கலிபோர்னியாவில் ஆன் வொஜ்சிட்ஸ்கி, லிண்டா ஏவி, பால் குசென்சா ஆகியோர் முந்தைய ஆண்டில் நிறுவிய '23அண்ட்மீ', 999 டாலர் விலையில் எச்சிற் குழாயை விற்கத் தொடங்கிற்று. உண்ணாமலும் பருகாமலும் புகைக்காமலும் அரைமணி நேரம் இருந்து, குழாயில் கோடிட்ட அளவுவரை எச்சிலை நிரப்பி, மூடியிலுள்ள காப்புத் திரவம் அதில் கலக்குமாறு அடைத்துக் குலுக்கி, பெட்டியில் இட்டு அனுப்பினால் போதும். அத்திரவம் உயிரணுக்களை உடைத்து டி.என்.ஏ.வைக் கெடாமல் காப்பதால், மாதிரி வெப்பநாட்டுத் தபாலிலும் பழுதின்றிச் செல்லும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சில்லின்மேல் அதைப் படியவிட்டு, மனித டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி எழுத்துகளில் மனிதருக்கு மனிதர் வேறுபடும் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படித்தறிவர். 2008-ல் விலை 399 டாலராயிற்று. 2012 டிசம்பரில் 99 டாலராயிற்று. அதே 2012-ல் யூட்டாவின் 'ஆன்செஸ்ட்ரி' ஸ்தாபனமும் 99 டாலருக்குச் சோதனை செய்யத் தொடங்கி, தன்னிடம் ஏற்கெனவே குவிந்திருந்த வம்சாவளி மரங்களோடு அதை இணைத்தது. விலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும், அறிஞர் சிலரின் ஆராய்ச்சியாக இருந்தது கிறிஸ்துமஸ் பரிசுப் பொருளாக மாறியது.

வாங்கியவர்களிற் பெரும்பாலோர் முதலில் தேடியது, தம் முன்னோர் எந்த நாட்டினர் என்னும் சதவீதக் கணக்கை. அக்கணக்கு, இன்று வாழும் சில ஆயிரம் பேரின் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் செய்யும் மதிப்பீடு; ஒப்பிடும் தொகுதி மாறினால் விடையும் மாறும். 2019-ல் கனடாவின் ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று, உருவொத்த இரட்டைச் சகோதரியரின் மாதிரிகளை ஐந்து ஸ்தாபனங்களுக்கு அனுப்பியபோது, ஒரே மரபணுவைத் தாங்கிய அவ்விருவருக்கும் வேறு வேறு சதவீதங்கள் வந்தன. வருமுன் அறியும் வைத்தியத்திலும் இத்தகைய அடக்கம் தேவைப்பட்டது. அங்கீகாரம் பெறாமல் நோய்களைப் பற்றிக் கூறுவதை நிறுத்துமாறு 2013 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 23அண்ட்மீக்கு எச்சரிக்கை விடுத்தது. பின்னர்ப் படிப்படியாக அனுமதி வழங்கி, 2018 மார்ச்சில் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மூன்று மாற்றங்களைத் தெரிவிக்க இசைந்தது. அம்மூன்றும் அஷ்கெனாஸி யூதரிடையே மிகுதியாகக் காணப்படுபவை. அறியப்பட்ட மாற்றங்களோ ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. ஆகவே இல்லையென்று வரும் விடை அபயம் ஆகாது. மகள் ஒருத்திக்கு உண்டென்று வரும் விடையோ, கேட்க விரும்பாத தாய்க்கோ தந்தைக்கோ அதே மாற்றம் இருக்கக்கூடும் என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

ஆனால் சதவீதத்தையும் நோயையும் விடச் சமுதாயத்தை மிகுதியும் அசைத்தது உறவினர் பட்டியலே. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதி, தாயோ தந்தையோ வேறாகப் பிறந்த சகோதரருக்குக் கால், பெரியப்பா அத்தை மக்களுக்கு எட்டில் ஒன்று என்ற அளவில் டி.என்.ஏ. பொதுவாக இருப்பதால், களஞ்சியத்தில் உள்ள யாவரையும் ஒப்பிட்டு, இன்னார் உமக்கு இவ்வளவு நெருங்கியவர் என்று ஸ்தாபனம் தானே தெரிவித்துவிடும். 2005-லேயே, பெயர் மறைத்து விந்து வழங்கியவரால் பிறந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், அவ்வள்ளல் தன் மாதிரியை எங்கும் தந்திராதபோதும், ஒய் குரோமோசோம் ஒத்த வேறிருவரின் குலப்பெயரையும், வள்ளலின் பிறந்த நாளையும் ஊரையும் கொண்டு அவரைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே, வைத்தியர்கள் அளித்து வந்த பெயர் மறைப்பு என்னும் வாக்குறுதி காலாவதியாகிவிட்டது. பின்னர் இண்டியானாபோலிஸ் நகரில், வைத்தியர் ஒருவர் தம்மிடம் வந்த பெண்களுக்கு அவர்கள் அறியாமல் தம் விந்தணுவையே செலுத்தி வந்தமை, ஒருவரையொருவர் அறியாதிருந்த பிள்ளைகள் இச்சோதனையால் ஒன்றுகூடியபோது வெளியாயிற்று. 2019-ல் இண்டியானா மாநிலம் அத்தகைய வஞ்சனையைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. தத்துக் கொடுக்கப்பட்டு, பிறப்புச் சான்றிதழ் அரசால் முத்திரையிட்டு மூடப்பட்டிருந்த எண்ணற்றோரும் இவ்வழியே தாயைக் கண்டனர். அவர்களிற் சிலருக்குக் கதவு திறந்தது, சிலருக்கு மூடியது. தன் இளமையின் துயரத்தை ஒருவரிடமும் கூறாமல் நாற்பதாண்டு காத்துவந்த தாயின் நிலையும் நம் இரக்கத்துக்கு உரியதே.

சோரன்சன் களஞ்சியத்தின் கதை இதனினும் ஆழமான படிப்பினை உடையது. உலக சகோதரத்துவத்தின் பெயரால் திரட்டிய அது, 2012-ல் ஆன்செஸ்ட்ரியின் கைக்கு மாறியது. ஐடஹோ ஃபால்ஸ் நகரில் 1996-ல் நிகழ்ந்த கொலையொன்றைத் துப்பறிந்த போலீசார், குற்றவாளியின் ஒய் குரோமோசோம் அக்களஞ்சியத்தில் ஒருவருடையதை நெருங்கி ஒத்திருப்பதைக் கண்டு, நீதிமன்ற ஆணையால் அவர் பெயரைப் பெற்றனர். திருச்சபையின் பணி என்று எண்ணி மாதிரி கொடுத்தவர் அவர். அவருடைய மகனே குற்றவாளியாயிருக்கலாம் என்று 2014 டிசம்பரில் அம்மகனை விசாரணைக்கு உட்படுத்தினர். அவர் குற்றமற்றவர் என்று மறு மாதத்தில் அவருடைய சொந்த மாதிரியே காட்டியது. 2019-ல் விரிவான மரபணு வம்சாவளி ஆராய்ச்சியால் உண்மைக் குற்றவாளி பிடிபட, அக்கொலைக்காகச் சுமார் இருபது ஆண்டு சிறையில் வாடிய வேறொருவர் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. ஒரே வழக்கில் இவ்வித்தை குற்றமற்ற ஒருவரை அச்சுறுத்தவும் குற்றமற்ற ஒருவரை மீட்கவும் செய்தது. 2018 ஏப்ரலில் கலிபோர்னியாவில், 1970-களிலும் 80-களிலும் பல கொலைகளையும் கொடுமைகளையும் புரிந்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், தூரத்து உறவினர் 'ஜெட்மேட்ச்' என்னும் பொதுக் களஞ்சியத்தில் இட்டிருந்த தகவலால் பிடிபட்டபோது நாடே வியந்தது. அவ்வாண்டிலேயே யானிவ் எர்லிக் முதலிய ஆராய்ச்சியாளர், ஐரோப்பிய வம்சத்து அமெரிக்கரில் சுமார் 60 சதவீதத்தினருக்கு பாட்டனாரின் பாட்டனார் தலைமுறையில் ஒன்றுபடும் உறவினரோ அவரினும் நெருங்கியவரோ இத்தகைய களஞ்சியத்தில் கிடைப்பர் என்று காட்டினர். எச்சில் அனுப்பாதவரையும் உறவினரின் எச்சில் காட்டிக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

உறவின் இத்தகைய பிணைப்பைத் திருடர்களும் அறிந்தனர். 2023-ல் 23அண்ட்மீயின் சுமார் 14,000 கணக்குகளுக்குள் பிறரின் கடவுச்சொற்களைக் கொண்டு நுழைந்தோர், உறவினர் பட்டியலின் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றனர். 2025 மார்ச்சில் அந்த ஸ்தாபனம் திவால் மனுச் செய்தது. ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தகவல், மேசை நாற்காலிகளைப் போலவே கடனாளியின் ஆஸ்தியாகி ஏலத்துக்கு வந்தது. பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தகவலை அழித்துக்கொள்ளுமாறு மக்களுக்கு அறிவுரை கூறினர். ஒரு மருந்து நிறுவனம் கேட்ட விலையை விஞ்சி, நிறுவனர் வொஜ்சிட்ஸ்கியே அமைத்த லாப நோக்கற்ற சங்கம் 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அவ்வாண்டு ஜூலையில் அதை வாங்கிற்று. இம்முறை ஆஸ்தி பழகிய கைக்கே திரும்பியது தற்செயலேயன்றிச் சட்டத்தின் காப்பினால் அன்று.

சட்டமோ இன்னும் தனிமனிதனையே நோக்கி நிற்கிறது. அமெரிக்கா 2008-ல் இயற்றிய மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேலையையும் வைத்தியக் காப்பீட்டையும் காக்கிறது. ஆயுள் காப்பீட்டைக் காக்கவில்லை. பிரான்ஸ், வைத்தியருக்கும் நீதிமன்றத்துக்கும் ஆராய்ச்சிக்கும் புறம்பாக ஒருவர் தம் மரபணுவைச் சோதிப்பதையே 3,750 யூரோ அபராதத்துக்குரியதாக்கியுள்ளது. ஆயினும் அந்நாட்டினர் பலர் அயல்நாட்டு ஸ்தாபனங்களுக்கு எச்சில் அனுப்பியே வருகின்றனர். அறியும் ஆசையைத் தண்டனையால் அவிக்க இயலாது. அவிப்பது நியாயமும் அன்று. இந்த ஆசைக்கு உரிய எல்லை எது என்பதே வினா. பாகம் பிரியாத குடும்பச் சொத்து முழுவதையும் மற்றப் பங்காளிகளைக் கலவாமல் ஒருவர் விற்றுவிட இயலாது என்பது நம் நாட்டார் நன்கறிந்த நியாயம். மரபணுவோ எக்காலத்தும் பாகம் பிரிக்கவே முடியாத சொத்து. ஆகவே, அதைப் பெற்ற ஸ்தாபனம் கடனில் மூழ்கினாலும் கைமாறினாலும் அத்தகவல் விற்பனைப் பொருள் ஆகலாகாது. உறவினர் பட்டியலில் தம்மை இனங்காட்ட மறுக்கும் உரிமை மாதிரி தராத உறவினருக்கும் உண்டாக்கப்பட வேண்டும். துப்பறிவோர் களஞ்சியத்தைத் திறக்க எத்தகைய குற்றம் போதும் என்பதைச் சட்டம் வரையறுக்க வேண்டும். குழாயை நிரப்புகிறவரும் தபாலில் சேர்ப்பதற்குமுன் தம் வீட்டாரோடு கலந்து பேசுதல் கடமையெனக் கொள்ள வேண்டும்.

இவற்றோடு அரசுகளின் கடமையும் ஒன்றுண்டு. இவ்வணிகத்தை உண்மையான தேவையோடு நாடியவர்கள், ஏட்டில் பெயர் மறுக்கப்பட்ட அடிமைகளின் சந்ததியாரும், பிறப்புச் சான்றிதழ் மூடப்பட்ட தத்துப்பிள்ளைகளும், தந்தையின் பெயர் மறைக்கப்பட்ட குழந்தைகளுமே என்பதை மேற்கண்ட வரலாறு முழுவதும் உரைக்கிறது. அடிமைகளின் பெயரை இனி எந்த அரசாலும் பழைய ஏட்டில் எழுத முடியாது. மற்ற இருவகையினரின் ஏடுகளிற் பலவோ இன்றும் பெட்டகங்களில் உள்ளன. நியூயார்க் மாநிலம் 2020 ஜனவரியில் தன் தத்துப்பிள்ளைகளுக்கு மூலப் பிறப்புச் சான்றிதழைத் திறந்துவிட்டது. ஏனைய அரசுகளும் அவ்வழியைப் பின்பற்றுமாயின், தன் தாயின் பெயரை அறிவதற்காக ஒருவர் தன் சுற்றத்தார் அனைவரின் அந்தரங்கத்தையும் வணிகர் கையில் ஒப்படைக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஒழியும். பிறப்பை அறிவது பிரஜையின் உரிமை. அவ்வுரிமையைக் கொடுக்க வேண்டியது ஏட்டைக் காத்து நிற்கும் அரசேயன்றி எச்சிலை வாங்கும் கடையன்று.